கெல்லி கோட்டையும் மாரியம்மன் கோயிலும்

கேமரன் மலையின் கியா பார்மிலிருந்து கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவை அடையலாம். அங்குள்ள கெல்லி கோட்டையைத் தேயிலைத் தோட்டங்களைக் காணவரும் மாணவர்களுக்கும் காட்டுதல் தகும். கோட்டை என வழங்கினும் இது போருக்கென எழுந்ததன்று; தோட்டத்துரை ஒருவர் தம் குடும்பத்திற்கெனக் கட்டத் தொடங்கிய மாளிகையே.

ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியாக உயர்ந்தவர். 1915இல் தொடங்கிய இம்மாளிகைப் பணிக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார், பணி நின்றது. மின்தூக்கிக்கென எழுப்பிய கோபுரம் இன்றும் வெறுமையாகவே நிற்கிறது.

நம் கவனத்திற்குரியது, சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலாகும். கட்டுமானக் காலத்தில் பரவிய கொள்ளைக் காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தது. நோய் வந்தால் மாரியை வேண்டுவது தமிழ்ச் சிற்றூர்களின் மரபு. கடல் கடந்தும் அம்மரபு மறையவில்லை. தொழிலாளர் கோயில் கேட்டனர் என்றும், ஸ்மித் இசைந்து கட்டுவித்தார் என்றும் கூறுவர். கோயிலின் மேற்தளத்தில் தெய்வ வடிவங்களிடையே வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவம் உள்ளது. நன்றியின் அடையாளம் என்பர். மாளிகைக்கும் அவர் பெயரே. கல் சுமந்தவர்களின் பெயர்களையோ நாம் அறியோம்.

ஆதலின், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முதலில் கோயிலைக் காட்டிவிட்டுக் கோட்டைக்குச் செல்லுமாறு வேண்டுகிறோம்.