பூனையின் தவம்

பொதுப் பரீட்சைக்கு இன்னும் ஐந்தே வாரங்கள் இருக்கும்போது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயரைப் பெற்றோர் என்ன சொல்லுவார்கள்? சொல்லத்தான் சொன்னார்கள். "மாமல்லபுரம் எங்கே ஓடிவிடப் போகிறது? ஆயிரத்து முந்நூறு வருஷம் நின்ற கல், மார்ச்சு மாதம் வரையில் நிற்காதா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும், அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்களைத் தினமும் பார்த்து வந்தவர்கள் நாம். அரைப் பரீட்சை விடைத்தாள்களைக் கொடுத்த அன்று ஒரு பையன் வீட்டுக்குப் போகாமல் கொளவாய் ஏரிக்கரையில் இருட்டும் வரையில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தேடிக்கொண்டு போனவர்களில் நாமும் ஒருவர். அன்றிரவே இந்தப் பிரயாணத்தைத் தீர்மானித்துவிட்டோம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்துப் பஸ் பிரயாணம். வழி நெடுகப் பிள்ளைகள் பாடினார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நாம் முதலில் அவர்களை நிறுத்திய இடம் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பாறைச் சிற்பத்தின் முன்னே. யானைகளையும் தேவர்களையும் கண்டு வியந்த பிறகு, வலது புறத்தில் கீழே நிற்கும் பூனையைக் காட்டினோம். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்தி, முனிவர்களைப் போலவே அதுவும் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். மகாபாரதத்தில் உத்தியோக பருவத்திலே இந்தப் பூனையின் கதை வருகிறது: தவவேடம் பூண்டு, தன்னை நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்று கொழுத்த பூனை. பல்லவச் சிற்பி அதைக் கல்லிலே நிறுத்திச் சிரித்திருக்கிறான்.

"பாடப் புஸ்தகத்தை விரித்து வைத்து, அதற்குள்ளே செல்போனை மறைத்துக்கொண்டு, அம்மா வரும்போது உதட்டை அசைக்கிறவர்கள் யார் யார்?" என்று கேட்டோம். பெண்கள் பையன்களைக் காட்டினார்கள்; பையன்கள் பெண்களைக் காட்டினார்கள். நல்ல சிரிப்பு. அத்துடன் நிறுத்திக்கொண்டிருந்தால் நமக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் பின்வரிசையில் நின்ற ஒரு பெண், "சார், வாத்தியார்களிலே பூனை கிடையாதா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவுடன் பயந்தும் போனாள். "உண்டு அம்மா, நாமே இருந்திருக்கிறோம்" என்று சொன்னோம். சொல்லிவிட்ட பிறகு விவரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பல வருஷங்களுக்கு முன்பு, வேறொரு பள்ளிக்கூடத்தில் நாம் வேலை பார்த்தோம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் துணி கட்ட வேண்டும் என்பது அங்கே ஒரு விரதம். பத்தாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் கணக்கு வரவில்லை. அவன் தகப்பனாரைக் கூப்பிட்டு, "பையனுக்குப் படிப்பு ஏறாது; டி.ஸி. வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு தொழிலில் விடுங்கள்" என்று சொல்லும்படி மேலே இருந்தவர்கள் நமக்கு உத்தரவிட்டார்கள். சொன்னோம். மிகவும் அன்பாக, அவனுடைய நன்மைக்காகச் சொல்வதுபோலவே சொன்னோம். பையன் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வருஷம் வாசலில் துணி கட்டினோம். மாணவன் தோற்றால் பள்ளிக்கூடத்துக்கு அவமானம் என்ற எண்ணம் எவ்வளவு நல்ல மனிதரையும் அந்தப் பூனையாக்கி விடும். தமிழ்நாட்டரசு 2017-ஆம் வருஷம் முதல், 'மாநிலத்தில் முதல்வர்' என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது நல்ல காரியம் என்றே கருதுகிறோம். ஆனால் வாசலில் கட்டும் துணிகளின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை!

பிள்ளைகள் வெகு நேரம் பேசவில்லை. நாம் அவர்களை ஐந்து ரதங்களின் பக்கம் அழைத்துச் சென்றோம்.

ஒரே பாறைத் தொடரைக் குடைந்து உண்டாக்கிய கோயில்கள் அவை. பாண்டவர் பெயர்கள் பின்னால் வந்தவை. கட்டடம் கட்டுகிறவன் அடியிலிருந்து மேலே போவான். இவர்களோ உச்சியிலிருந்து கீழே வந்தார்கள். ஆகையால் தருமராஜ ரதத்தின் சிகரம் பூரணமாக இருக்கிறது, அடிப்பாகம் கரடுமுரடாகவே நிற்கிறது. ஊருக்கு மேற்கேயுள்ள வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் அப்படியே. சில இடங்களில் சிற்பிகள் பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டுப் பள்ளம் வெட்டி, பிறகு ஒவ்வொரு சதுரமாக உடைத்தெடுத்த அடையாளம் இன்றும் தெரிகிறது. இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு விஸ்தாரமாகச் சொன்னோம். மலையைப் பார்த்து மலைத்து நின்றவன் எவனும் ரதம் செய்யவில்லை. அன்றைய கூலிக்கு அன்றைய சதுரத்தை வெட்டினான். பௌதிகப் புஸ்தகத்தைப் பார்த்து அழுகிற பிள்ளையிடம் ஐந்து வாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இன்று மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரையில் எந்தச் சதுரம் என்பதே பேச்சு. இரவு பத்தரைக்கு மேல் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தூங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

அப்பொழுதுதான் ஏரிக்கரைப் பையன் வாய் திறந்தான். "சார், கல்லிலே கை தவறிவிட்டால் அழிக்க முடியாதே?" என்றான்.

இதற்குப் பல்லவர் காலத்தில் பதில் தேட வேண்டியதில்லை. அவ்விடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பூஞ்சேரியில், 2022-ஆம் வருஷம் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததல்லவா? இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் ஆடிய சென்னைப் பிள்ளை குகேஷுக்கு அப்பொழுது வயது 16. அதாவது, நம் எதிரில் நின்றவர்களைவிடச் சிறியவர். முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து வெற்றி. ஒன்பதாவது சமம். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான் அணியின் அப்துஸத்தோரோவ் என்ற 17 வயதுப் பிள்ளையுடன் ஆட்டம். வெல்லும் நிலையில் இருந்த ஆட்டத்தை, மேலும் மேலும் வெல்லப் பார்த்து, நேரம் நெருக்கிய வேளையில் ஒரு குதிரையைத் தவறாக நகர்த்தித் தோற்றார். அந்தச் சுற்று இரு அணிகளுக்கும் சமமாக முடிந்தது. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். தன் ஒரு காயினால் தன் அணியின் தங்கம் நழுவியது என்று எண்ணிக்கொண்டு ஒரு 16 வயதுப் பிள்ளை அன்றிரவு எப்படிப் படுத்திருப்பார் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

மறுநாள் பதினொன்றாவது சுற்று. அவர் போய் உட்கார்ந்தார். ஜெர்மானியர் ஒருவருடன் சமமாக ஆடினார். அணி வென்றது.

பிறகு நடந்ததை உலகம் அறியும். 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் இந்தியாவுக்குத் தங்கம்; டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை வென்று 18-வது வயதில் உலக சாம்பியன். அந்தப் போட்டியிலும் முதல் ஆட்டத்தில் தோற்றுத்தான் ஆரம்பித்தார்.

"அவர் குகேஷ், சார். நாங்கள்?" என்று கேட்டான் பையன்.

இந்தக் கேள்விக்குப் புத்தி சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நழுவி விடுவார்கள். தோற்றவர்கள் எல்லாரும் உலக சாம்பியன் ஆவதில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். "தங்கப் பதக்கம் உன் கையில் இல்லை, அப்பா. மறுநாள் போய் உட்காருவது உன் கையில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னோம். பிறகு தொழில் முறையில் சில விவரங்களும் சொன்னோம். 600 மார்க்குப் பரீட்சையில் ஒரு பாடம் போனால் ஒரு வருஷம் போய்விடாது. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். அதே மாமல்லபுரத்தில் 1957-இல் பயிற்சிக் கூடமாகத் தொடங்கிய அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. உளி பிடிக்கப் பட்டமே கொடுக்கிறார்கள். மருத்துவமும் என்ஜினீயரிங்கும் தவிர உலகத்தில் படிப்பில்லை என்று நினைக்கும் பெற்றோர் ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்து வரலாம். மனம் உடைந்துபோன இரவில் எவரிடமும் பேச முடியவில்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் பணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்ணை அங்கேயே எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னோம். பெற்றோரும் எழுதிக்கொள்வது நல்லது.

மத்தியானம், ரதங்களுக்குப் போகும் வீதியிலுள்ள கற்சிற்பப் பட்டறைகளின் வழியே நடந்தோம். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பட்டறையில் பிள்ளையாருக்குத் துதிக்கை செதுக்கிக்கொண்டிருந்தவர் உளியைப் போட்டுவிட்டு எழுந்து, "சார், செளக்கியமா?" என்று கேட்டார். டி.ஸி. கொடுத்து அனுப்பிய அந்தப் பையன்தான்! தனித் தேர்வராக இரண்டாம் தடவையில் பத்தாவது தேறியதைச் சொன்னார். எல்லாருக்கும் டீ வரவழைத்தார். கதவோரத்தில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, மறந்தவர்போல் இருந்தாரா என்று நமக்குத் தெரியவில்லை. தம் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று மட்டும் நம்மிடம் யோசனை கேட்டார். நாம் பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் பாட்டு இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும், பின் ஸீட்டிலிருந்து நாலைந்து பேர் முன்னே வந்து நம்மைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"சார், நீங்கள் எந்தப் பரீட்சையிலாவது தோற்றதுண்டா?"

"உண்டு. கல்லூரியில் இரண்டாம் வருஷம், கணக்கில்."

"வீட்டில் உடனே சொன்னீர்களா, சார்?"

"எட்டு நாள் கழித்து."

"எட்டு நாளும் மார்க் கடிதத்தை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டான் ஏரிக்கரைப் பையன். அவனுக்கு இந்த விஷயத்தில் தொழில் முறையான அக்கறை இருந்தது.

"அரிசிப் பானைக்கு அடியில்" என்றோம். "எட்டாம் நாள் அரிசி தீர்ந்து போயிற்று."