பிள்ளைகள் எத்தனை? ஈச்சிலம்பற்றும் அயல்நாடுகளும்

இடம்பெயர்ந்த குடும்பம் எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்பதுதான். அரிசியும் பருப்பும் அந்த எண்ணிக்கைப்படியே அளக்கப்படும். ஈச்சிலம்பற்று மக்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபின் கேட்டார்கள். 2006இல் மாவிலாற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை போராக மாறி, சனங்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியபோது கேட்டார்கள். 2007இல் திரும்பி வந்தபோதும் கேட்டார்கள். தலைகளை எண்ணுவது அவசியந்தான். ஆனால் ஒரு குடும்பம் எப்போது உருவாகிறது, அதில் பிள்ளைகள் ஏன் கூடுகின்றனர், ஏன் குறைகின்றனர் என்பதையும் நாம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியுள்ளது.

எமது பகுதியில் கலியாணம் என்றால் வீடு. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவதே கிழக்கின் வழமை. பெற்றோர் அதே வளவின் ஒரு மூலையில் சிறு குடிலொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவர். இரண்டாவது மகளுக்கு இன்னொரு வீடு எழும்ப வேண்டும். ஆகவே பெண்பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை போகம் விளைந்தது, கலியாணம் எந்த வயதில் நடக்கும் என்பவை எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

போர் இந்தக் கட்டை இரண்டு விதமாக அறுத்தது. வீடு எரிந்த குடும்பங்களில் சில பெண்கள் முப்பது வயது தாண்டியும் காத்திருந்தார்கள். வேறு சில குடும்பங்களில் நேர்மாறாக நடந்தது. ஆயுத அமைப்பில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் ஒருபுறம், வயதுவந்த பிள்ளையை முகாமின் தறப்பாள் கொட்டிலுக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்ற பயம் மறுபுறம். இந்தப் பயங்களில் பதினைந்து, பதினாறு வயதிலேயே முடித்துவைத்தார்கள். கிழக்கிலும் வன்னியிலும் இது நடந்தது. பொதுச் சட்டத்தின்கீழ் திருமணப் பதிவுக்குரிய வயது 1995இல் இருபாலாருக்கும் 18 ஆக உயர்த்தப்பட்டது. அதனால் இக்கலியாணங்களைப் பதிய முடியவில்லை. தாயும் தகப்பனும் பதிவுத் திருமணம் செய்யாதவிடத்து, இருவரும் சேர்ந்து கேட்டாலன்றிப் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் ஏறாது. தகப்பன் காணாமற்போயிருந்தால் என்ன செய்வது? அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கதை எந்த அறிக்கையிலும் அன்று ஏறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1981க்குப் பின் 1991இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடந்ததும் வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் முழுமை பெறவில்லை. 1987, 1993 ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார ஆய்வுகளில் இவ்விரு மாகாணங்களும் சேர்க்கப்படவேயில்லை. 1993இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.3 பிள்ளைகள் என்று இலங்கை உலகத்தின் பாராட்டைப் பெற்றபோது, அந்த 2.3க்குள் ஈச்சிலம்பற்றுத் தாய் ஒருத்தியும் இல்லை. நாடு முழுவதையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு 2016இல்தான் வந்தது. அதில் நாட்டுச் சராசரி 2.2. ஒரு தலைமுறை தன்னைப் போன்ற இன்னொரு தலைமுறையை விட்டுச்செல்ல ஏறத்தாழ 2.1 வேண்டும் என்பர்.

அயலவர் நடந்த வழி

1950களில் இலங்கைப் பெண்ணுக்குச் சராசரி ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். அது குறையத் தொடங்கியதற்கு முதற் காரணம் மாத்திரையோ ஊசியோ அல்ல. பெண்கள் பிந்திக் கலியாணம் செய்தார்கள். 1953இல் ஏறத்தாழ 21 ஆக இருந்த சராசரித் திருமண வயது 1981இல் 24ஐத் தாண்டிவிட்டது. 1940களில் வந்த இலவசக் கல்வி பெண்பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருந்தது. குடும்பநல மாது வீடு தேடிப் போனாள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அதன் பின்னரே குடும்பக் கட்டுப்பாடு பெரிய அளவில் பரவியது.

தமிழ்நாட்டில் வழி வேறு. அங்கே 1992-93இல் 2.5 ஆக இருந்த வீதம் 2019-21இல் 1.8 ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றதும் சத்திரசிகிச்சை செய்துகொள்வதே பெருவழக்கம். கேரளம் இதற்கு முன்பே, 1992-93இலேயே 2.0க்கு வந்துவிட்டது. அதே இந்தியாவின் பீகாரில் 2019-21இலும் 3.0.

வங்காளதேசத்தைப் பாருங்கள். எம்மைப் போலவே வெள்ளத்திலும் புயலிலும் இடம்பெயரும் வயற்சனங்கள். 1975இல் அங்கே ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகள், 2011இல் 2.3. வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத பெண்களிடம், அதே ஊர்ப் பெண்களையே பயிற்றி அனுப்பினார்கள். ஆனால் ஒரு குறை இன்னும் தீரவில்லை. அங்கே பாதியளவு பெண்பிள்ளைகள் 18 வயதாகுமுன் மணம் முடிக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்தது உண்மை. சிறுமி தாயாவது நிற்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. பாகிஸ்தானோ மெதுவாகவே நடக்கிறது. 2017-18இல் அங்கு 3.6.

இவற்றை எடுத்துச்சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று இனங்கள் வாழும் திருகோணமலை மாவட்டத்தில், "அவர்கள் பெருகுகிறார்கள், நாங்கள் குறைகிறோம்" என்ற பேச்சு எல்லாப் பக்கத்திலும் கேட்கிறது. மதந்தான் பிள்ளைத் தொகையைத் தீர்மானிக்கிறது என்றால் வங்காளதேசத்துக்கு என்ன நடந்தது? 1980களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்த ஈரான் 2000ஆம் ஆண்டளவில் இரண்டுக்கு வந்தது எப்படி? ஒரு ஊரின் தமிழர் தொகை குறைந்திருந்தால், இறந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் கப்பலேறியவர்களையும் முதலில் எண்ண வேண்டும். அந்தக் குறையைப் பெண்கள் பெற்று நிரப்பவேண்டும் என்பது நியாயமல்ல. அரசியல்வாதிகள் எங்கும் ஒரே மாதிரித்தான். 2024இல் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும், பாராளுமன்ற ஆசனங்கள் குறைந்துவிடும் என்ற கவலையில் 2025இல் அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலினும் பிள்ளைகளைப் பெறுங்கள் என்று கேட்டனர். பத்துமாதம் சுமப்பவரிடம் யோசனை கேட்டதாகத் தெரியவில்லை.

குறைவதும் கவலைதான்

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2019இல் இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதியப்பட்டன. 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரம் அளவில். நான்கே வருடத்தில் இத்தகைய வீழ்ச்சி. 2022இன் நெருக்கடியில் சீமெந்தும் உரமும் விலையேறின. இளம் ஆட்கள் வெளிநாடு போனார்கள். வீடு கட்ட முடியாவிட்டால் கலியாணமில்லை என்ற எமது வழமைக்கு இது எப்படி அடித்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. வரம்பு கட்டவும் கதிர் அறுக்கவும் ஆளில்லை என்று சொல்லும் அதே தகப்பன், ஒரு காணியை நான்கு பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது என்றும் திகைக்கிறார். இரண்டும் உண்மை.

காணி விடயத்தில் ஒன்றைக் குறிப்பாகக் கவனியுங்கள். பெர்மிட் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை விருப்பப்படி துண்டாட முடியாது. பின்னுரிமையாளர் பெயரிடப்படாமல் பெர்மிட்காரர் இறந்தால், அச்சட்டத்தின் அட்டவணை ஆண்மக்களையே முன்னிறுத்தியது. மகளுக்கு வீடு என்ற எமது வழமைக்கு அது நேரெதிர். 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. என்றாலும், பெயரிட்டு வைப்பதே சண்டை வராத வழி. இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பிரதி கேளுங்கள்.

முன்பு பிரசவ நோவு கண்ட பெண்ணைப் பாதையிலும் தோணியிலும் ஏற்றித்தான் ஆறு கடக்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் வெருகல் உட்பட ஏனைய பாலங்களும் வந்தபின் அந்தப் பயம் குறைந்தது. கர்ப்பந்தரித்தவுடன் குடும்பநல மாதுவிடம் பதியவேண்டும். மீள்குடியேறாமல் உறவினர் வீட்டில் இருப்பவர்கள், தாம் தங்கியுள்ள இடத்து மாதுவிடமே பதியலாம். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். சத்தியக்கூற்றும் வேறு ஆதாரங்களும் கேட்பார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்குள்ள பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது; இலங்கைப் பிரசைகளாகவும் பதிவுசெய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் ஏற்றுக்கொள்கிறது.