புள்ளி இல்லாத குதிரை, திட்டு விழுந்த குட்டி

குருவிகுளம், கழுகுமலை, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் நாயின் ஜாதியை நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். கருப்பு உடம்பில் செம்பழுப்புக் கால் என்றால் கன்னி. உடம்பெல்லாம் ஒரே செவலையோ சாம்பலோ என்றால் சிப்பிப்பாறை. பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் என்றால் ராஜபாளையம். கடைசியாகச் சொன்னது 2005-ல் அஞ்சல்தலையிலேயே ஏறிவிட்டது. அந்த வெள்ளைக்கு இருக்கும் மவுசுக்கு விலை கொடுப்பவை குட்டிகள். ஈத்தில் ஒன்று காதோரமோ வாலடியிலோ பழுப்புத் திட்டோடு விழுந்தால் அதை ஒதுக்கிவிடுவதும், சில இடங்களில் பிறந்த கையோடு கொன்றுவிடுவதும் நெடுநாள் வழக்கமாக இருந்திருக்கிறது. தாயும் தகப்பனும் அசல் என்று தெரிந்த பிறகும், ஒரு திட்டுக்காகக் குட்டியை இனவிருத்தியிலிருந்தே விலக்குவது இனத்தைக் காப்பதாகாது. அதைக் கெடுப்பதாகத்தான் முடியும்.

அமெரிக்கக் குதிரைக்காரர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வந்தது. 1940-ல் தொடங்கிய குவார்ட்டர் குதிரைச் சங்கம், வெள்ளை அதிகம் படர்ந்த குட்டிகளைப் பதிவேட்டில் சேர்க்க மறுத்தது. (அந்த விதியை அது கைவிட 2004 வரை ஆனது.) அப்படிக் கழிக்கப்பட்டவற்றுக்கு இடம் கொடுத்தவர்களின் அமைப்புதான் 1965-லிருந்து பெயிண்ட் குதிரைச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. இங்கே திட்டுதான் பெருமை. இரண்டு அங்குலத்துக்கு மேல் வெள்ளைத் திட்டு வேண்டும் என்று அளவே உண்டு. ஆனால் பெயிண்ட் ஜோடிக்கும் திட்டே இல்லாத ஒருநிறக் குட்டி பிறக்கத்தான் செய்கிறது. அதைச் சங்கம் வெளியே தள்ளுவதில்லை. தனிப் பிரிவில் பதிந்துகொள்கிறது, தனிப் போட்டிகள் வைக்கிறது, இனவிருத்திக்கும் விடுகிறது. இதில் பெருந்தன்மையைவிடக் கணக்கு அதிகம். 'ஃபிரேம்' எனப்படும் ஒருவகைத் திட்டுக்கான மரபணு தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால், நாலில் ஒரு குட்டி உடம்பெல்லாம் வெள்ளையாக விழ வாய்ப்புண்டு. அதன் குடலில் நரம்பு வளர்ந்திருக்காது. சாணம் இறங்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும். அந்த மரபணு இல்லாத ஒருநிறக் குதிரையோடு சேர்த்தால் இந்த ஆபத்தே கிடையாது. ஒருநிறம் என்று கண்ணால் பார்த்து மட்டும் நம்பவும் முடியாது, அந்த மரபணு சில குதிரைகளில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். அதற்குத்தான் மரபணுச் சோதனை.

ராஜபாளையத்துக்கு ஆபத்து குடலில் இல்லை, காதில் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்செவியிலும் வேலை செய்கின்றன; அங்கே அவை இல்லாமல் போனால் ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகும். வெள்ளைக்காகவே பொறுக்கி வளர்த்த இந்த இனத்தில் செவிடு பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்த சங்கதிதான். கஞ்சித் தட்டு சத்தம் கேட்டு மற்றதெல்லாம் துள்ளி எழ, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை அப்படிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கை தட்டினால் அது திரும்பிவிடும். பிறகு அதையே கடுவனாகவோ பெட்டையாகவோ இணை சேர்ப்பார்கள். டால்மேஷியன் இனத்தின் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறத்தாழ பத்தில் மூன்றுக்கு ஒரு காதோ இரண்டுமோ கேட்கவில்லை. பிறவியிலேயே பெரிய கருந்திட்டோடு வரும் டால்மேஷியன்களுக்குச் செவிடு குறைவு. ஆனால் கண்காட்சி விதிப்படி அந்தத் திட்டு தகுதியிழப்பு! நல்ல காதுள்ளதைத் தள்ளிவிட்டு அழகுக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

நிறம் மாறிய குட்டி கலப்புக்குத்தானே சாட்சி என்று கேட்பார்கள். சில சமயம் உண்மைதான். இரண்டு வெள்ளைக்கு முழுக் கருப்புக் குட்டி பிறந்தால் தகப்பன் யார் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. அதைத் தீர்க்க மரபணுச் சோதனை இருக்கிறது, நிறத்தை நீதிபதியாக்க வேண்டியதில்லை. காதோரத்தில் ஒரு திட்டு என்பது வேறு விவகாரம்; வெள்ளையை எவ்வளவு பொறுக்கினாலும் ஓரத்தில் கொஞ்சம் நிறம் எட்டிப் பார்க்கும். வெள்ளை போய்விட்டால் ராஜபாளையத்துக்கு என்ன அடையாளம் என்ற கேள்விக்கு இன்னும் கனம் உண்டு. வெள்ளையைக் கண்காட்சி வளையத்தில் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். பெயிண்ட் சங்கமும் திட்டுள்ள குதிரைக்குத்தான் முதல் வரிசை கொடுக்கிறது. திட்டு விழுந்ததை இரண்டாம் பதிவேட்டில் ஏற்றி, காது கேட்கிற வெள்ளையோடு இணை சேர்த்தால் அடுத்த ஈத்திலும் வெள்ளைக் குட்டிகள் கிடைக்கும், ரத்தமும் ஒரே வீட்டுக்குள் சுருங்காது. வேட்டைக்கும் காவலுக்கும் வந்த நாய் இது; இருட்டில் வேலியோரம் சருகு அசைவதைக் கேட்பதுதான் அதன் பிழைப்பு.

திட்டுக் குட்டியை யார் வாங்குவார் என்பது கடைசித் தடை, வளர்ப்பவருக்கு அதுவே முதல் தடை. இன்று விலை போகாதது நிஜம். ஆனால் விலை காகிதத்தைப் பார்த்தும் வரும். பெற்றோர் விவரம், இரண்டு காதையும் தனித்தனியே மின்முனை வைத்து அளந்த சோதனைச் சீட்டு ஆகிய இரண்டும் கையில் இருந்தால், தோட்டத்துக்குக் காவல் நாய் தேடுகிறவர் முதலில் படிப்பது அந்தச் சீட்டைத்தான்.