“அன்னீ க்ளியர், மேடம்!”

ஹைதராபாதில் வீடு பார்க்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழும் தெலுங்கு வாக்கியம் இதுதான். பத்திரம், வரி, தண்ணீர், வாஸ்து எல்லாம் சரி என்று பொருள். தரகர் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே சொல்லிவிடுவார். நாம் இன்னும் வாயைக்கூடத் திறந்திருக்க மாட்டோம்.

நான் திருச்சிக்காரி. 1986-இல் கல்யாணமாகி செகந்திராபாத் வந்தவள். முப்பது வருஷம் வங்கி உத்தியோகம். அதில் கடைசிப் பதினொரு வருஷம் வீட்டுக் கடன் மேஜை. அந்தத் தெம்பில்தான் 2022-இல், பத்மாராவ் நகரிலிருந்த எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட்டை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள வீடாக வாங்குவது என்று இறங்கினேன். ஸ்கந்தகிரி முருகன் கோயில் மணியோசை கேட்கும் ஃப்ளாட் அது. ஆனால் முழங்கால் என்னைப் படியிறங்க விடவில்லை. விற்கிறவளாகவும் வாங்குகிறவளாகவும் அலைந்த அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றதைவிட அதிகம்.

முதலில் பார்த்தது ஊரின் கிழக்குப் பக்கம், ஒரு காலனியில். பெயர் வேண்டாம். தரைத்தளத்துக்கு மேல் முதல் மாடி, கிழக்குப் பார்த்த வாசல், பளபளவென்று தரை. விலை மட்டும் சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு. தரகர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கீழே இறங்கி, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன்: “2020 அக்டோபர் மழைக்கு இங்கே தண்ணி வந்துச்சா அண்ணா?” அவர் பேசவில்லை. கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார்.

2020 அக்டோபர் 13-ஆம் தேதி இரவு இந்த ஊரில் இருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். டோலிசௌக்கி பக்கம் நதீம் காலனியில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அந்த வாரத்திலேயே பாலாப்பூர் குர்ரம் செருவு உடைந்து கீழேயுள்ள காலனிகள் மூழ்கின. செருவு என்றால் ஏரி, குண்ட என்றால் குட்டை. இந்த ஊரின் ஏரிகள் சங்கிலிபோல. மேல் ஏரி நிரம்பினால் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். கால்வாய்மேல் வீடு கட்டிவிட்டால் தண்ணீர் அந்த வீட்டு வழியாகப் போகும். அவ்வளவுதான் விஷயம். காலனிப் பெயரிலோ பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் பெயரிலோ செருவு, குண்ட என்று இருந்தால் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள்.

ஏரி நிரம்பி நிற்கும்போது தண்ணீர் தொடும் எல்லையை எஃப்.டி.எல். என்பார்கள். அதற்குள் கட்டக் கூடாது. அதற்கு வெளியேயும், பத்து ஹெக்டேருக்குக் குறையாத ஏரியானால் 30 மீட்டர், சின்ன ஏரியானால் 9 மீட்டர் சும்மா விட வேண்டும் என்கிறது 2012-இல் வந்த கட்டட விதி. விதி காகிதத்தில் தூங்கியது. 2024 ஜூலையில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற தெலங்கானா அரசு ‘ஹைட்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கியது. ஆகஸ்ட் 24-ஆம் தேதி மாதாப்பூர் தம்மிடிகுண்ட ஏரியோரம் இருந்த, நடிகர் நாகார்ஜுனாவின் என்-கன்வென்ஷன் மண்டபம் இடிபட்டது. பணக்காரர் இடத்தில்தான் கை வைக்கிறார்கள் என்று ஊர் கைதட்டியது. செப்டம்பரில் சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கே புல்டோசர் வந்தபோது கைதட்டல் நின்றுவிட்டது. இடித்த முறை சரியா என்று உயர் நீதிமன்றமும் கேட்டது. அந்த வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அந்தக் குடும்பங்கள் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் எதைத் தூக்கிக் காட்டினார்கள் என்பதைத்தான் கவனித்தேன். பதிவு செய்த கிரையப் பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, வங்கிக் கடன் கடிதம்.

அந்த நாலு காகிதமும் நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் இருப்பவைதான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால் இடம் நமது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. இன்னார் இன்னாருக்கு விற்றதாக எழுதிக் கொடுத்தார், அதை நான் பதிந்து வைத்தேன் என்பதுதான் சார்பதிவாளர் சொல்வது. விற்றவருக்கு அது சொந்தமா என்று அவர் ஆராய்வதில்லை. அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்று விலக்கி வைத்த பட்டியல் ஒன்று உண்டு; அதில் இருந்தால் பதிய மறுப்பார். அந்தப் பட்டியல் பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். பெருநகர வளர்ச்சிக் குழுமமான எச்.எம்.டி.ஏ.வின் ஏரி வரைபடங்களும் அதேபோல் இணையத்தில் இருக்கின்றன.

வரி ரசீதும் அப்படித்தான். வரி வாங்கியவர்கள் வரி வாங்கினார்கள், அவ்வளவே. “பேங்க் லோன் வருகிறதே, அப்புறம் என்ன பயம்?” என்று கேட்பவர்களுக்கு நான் உள்ளே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வங்கி வக்கீல் மேஜைமேல் வைத்த காகிதத்தைப் படித்துக் கருத்து எழுதுவார். ஏரிக்கரைக்கு அவர் போவதில்லை. கடன் வாங்கியவர் வீடு போனாலும் தவணை போகாது. நம் வக்கீல் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்வதில் கஞ்சத்தனம் கூடாது.

பத்திரங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும் என்பது என் பழக்கம். நாம் தாய்ப்பத்திரம் என்பதை இங்கே ‘லிங்க் டாக்குமென்ட்’ என்பார்கள். இன்றைய பத்திரம் எப்போதும் அழகாக இருக்கும். கோணல் எல்லாம் 1970-களில், அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில், கையெழுத்துப் போடாத ஓர் அக்காவிடம் இருக்கும். வில்லங்கச் சான்று 1983 முதல் இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். சங்கிலியில் எங்காவது பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக் கை மாறியிருந்தால், அங்கே நின்றுவிடுங்கள். அது கிரையம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அபார்ட்மென்ட் என்றால் இந்த ஊரில் பெரும்பாலும் நிலம் ஒருவருடையது, கட்டியவர் இன்னொருவர். ‘டெவலப்மென்ட்’ ஒப்பந்தம் போட்டு ஃப்ளாட்டுகளைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நமக்கு விற்கிறவர் பங்கில்தான் அந்த ஃப்ளாட் எண் இருக்கிறதா என்று பிரிவினைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். இன்னொன்று, கட்ட அனுமதி வாங்கும்போது கட்டடப் பரப்பில் பத்து சதவீதத்தை மாநகராட்சியிடம் அடமானம் வைக்கிறார்கள். விதிப்படி கட்டி முடித்து ஓ.சி. என்கிற குடியிருப்புச் சான்று வாங்கினால்தான் அது விடுபடும். கட்டியவர் ஓ.சி. வாங்காமலே போய்விட்டால், அடமானத்தில் மாட்டிய ஃப்ளாட்டை வாங்கியவர் கதி திண்டாட்டம். மேல்மாடியில் ‘பென்ட்ஹவுஸ்’ என்று மலிவாக ஒன்று கிடைக்கும். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த மாடி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் இருக்காது.

புது வீடென்றால் ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவோ முன்பதிவுப் பணம் வாங்கவோ கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. அது கிட்டத்தட்ட 600 சதுர கஜம். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் சின்ன அபார்ட்மென்ட்டுகள் பலவும் அந்த அளவுக்குள் அடங்குபவைதான். அங்கே நமக்கு நாமேதான் ரெரா.

கஜம் என்றதும் நினைவு வருகிறது. இங்கே மனைக்கு சதுர கஜக் கணக்கு. ஒன்பது சதுர அடி ஒரு கஜம். நம் ஊர் ஒரு கிரவுண்ட் ஏறக்குறைய 267 கஜம். நிலமென்றால் குண்ட்டா, ஒன்றுக்கு 121 கஜம், நாற்பது சேர்ந்தால் ஏக்கர்.

ஒரு தரகர் சங்கர்பள்ளி பக்கம் ‘ப்ரீ-லாஞ்ச்’ திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் பாதி விலையாம். கட்டடம் இல்லை, அனுமதியும் இல்லை; நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை, அதாவது யு.டி.எஸ்.ஸை எழுதித் தருவார்களாம். “ரெரா நம்பர்?” என்றேன். “வஸ்துந்தி மேடம்” என்றார். வரும் என்று அர்த்தம். இப்படி வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, கட்டாத வீட்டுக்காகக் காவல் நிலைய வாசலில் நிற்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். பாதி விலைக்குக் கிடைப்பது பாதி வீடுகூட அல்ல.

பணக் கணக்கில் நான் பார்த்தவரை எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். 80 லட்சம் ரூபாய் ஃப்ளாட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 64 லட்சம் தரும். மீதி 16 லட்சம் கையிலிருந்து என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் 2021 ஜூலையிலிருந்து இங்கே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7.5 சதவீதம். அது 6 லட்சம். அதற்குக் கடன் கிடையாது. தரகுக் கூலி தனி. இன்னும் கட்டி முடியாத வீடென்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு, ஓ.சி. வந்த வீட்டுக்கு இல்லை. ஆக, ஓ.சி. வந்த வீட்டுக்கே 16 இருந்தால் போதாது; 23, 24 வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ்.ஸாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்கிறவர் அமெரிக்காவில் இருந்தால், ஹைதராபாதில் பல வீடுகளுக்கு அப்படித்தான், ஒரு சதவீதம் பிடித்தால் போதாது. பல மடங்கு பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரித் துறை அமெரிக்காவுக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆடிட்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

விற்கும்போது பாதியை ரொக்கமாகக் கேட்கிற வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் வந்த ஒருவரும் ரொக்கம் தருவதாகச் சொன்னார். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம் என்றேன். “எல்லோரும் செய்கிறார்கள், மேடம்” என்றார். எல்லோரும் பென்ஷன் வாங்கும் வங்கி ஊழியர் இல்லையே.

இவ்வளவு பேசுகிற நான் விற்கப் போனபோது எங்கே மாட்டினேன் தெரியுமா? எங்கள் வீட்டுக் கடன் 2009-லேயே அடைந்துவிட்டது. பத்திரங்களையும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அடமானம் விடுபட்டதற்கான பத்திரத்தைப் பதியவில்லை. பதிமூன்று வருஷம் கழித்து, வாங்க வந்த இளம் தம்பதியின் வக்கீல் வில்லங்கச் சான்றை நீட்டினார். அதில் அடமானம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடன் கொடுத்த இடம் நான் வேலை பார்த்த வங்கியேதான். எத்தனையோ பேரிடம் “ரிலீஸ் டீட் பதிஞ்சுட்டீங்களா?” என்று கேட்ட வாய் இது. மூன்று வாரம் அலைந்தேன். இப்போது ரிசர்வ் வங்கி, 2023 டிசம்பரிலிருந்து, கடன் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்கிக் கொடுக்க வேண்டும் என்கிறது. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்கு.

விற்ற லாபத்துக்கு வரி உண்டு. இன்னொரு வீட்டை ஒரு வருஷம் முன்போ இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்கினால் விலக்கும் உண்டு. நான் சைனிக்புரியில் வாங்கியதால் தப்பித்தேன். இப்போது விகிதம் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடானால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். சமையலறை மேடை மாற்றிய ரசீதுகூட இந்தக் கணக்கில் உதவும். தூக்கிப் போடாதீர்கள்.

சமையலறை என்றதும் இன்னொன்று. நாங்கள் விற்ற ஃப்ளாட்டில் மழைக்காலத்தில் அந்த அறையின் வடக்குச் சுவர் ஓதம் காக்கும். பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றார் தரகர். நான், வாங்க வந்த தம்பதியில் அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டாள், கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

பத்திரம் பதிவான அன்று வீட்டு வரி எண், மின் இணைப்பு எண், குடிநீர் வாரியத்தின் ‘கேன்’ எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாளே இருவருமாகப் போய்ப் பெயர் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னேன். வரியும் கரண்டும் மாறின. தண்ணீர் ஆபீஸுக்கு அடுத்த வாரம் போகலாம் ஆன்ட்டி என்றாள். குழாய்த் தண்ணீருக்கான பில் இன்னும் என் பெயரில்தான் வருகிறது. மாதம் ஒரு முறை போன் செய்து சிரிக்கிறாள்.