ஆறு மாதம் அமெரிக்கா: பெற்றோரோடு ஊர் சுற்றுவது எப்படி?

மகனோ மகளோ டிக்கெட் போட்டு அழைக்க, நான்கைந்து மாதம் அமெரிக்காவில் தங்கிவரக் கிளம்பும் பெற்றோர் இன்று தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம். ஊர் பார்ப்பது அடுத்தது. ஆனால் போன இடத்தில் அலுப்பும் மனக்கசப்பும் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்கு வேலை. கிடைக்கும் ஒரு நீண்ட வார இறுதியில் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன் மூன்றையும் காட்டிவிட வேண்டும் என்று காரை எடுக்கிறார்கள். மூன்றாம் நாள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிடுகிறது, பின்சீட்டில் குழந்தை ஓயாமல் அழுகிறது, அப்பா யாரிடமும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி வருகிறார்.

பத்து நாள் சுற்றுலாவில் வருபவர்கள் ஓடித்தான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு அந்த அவசரம் எதற்கு? ஒரு நாளைக்கு ஒரு இடம், ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டாலே ஐந்து மாதத்தில் கிழக்குக் கடற்கரையின் முக்கியமான இடங்களை நிதானமாகப் பார்த்துவிடலாம். நியூஜெர்சியிலோ அதன் பக்கத்திலோ தங்கும் குடும்பத்தை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தமிழர் நிறையப் பேர் வசிக்கும் பகுதி அது.

முதலில் தேதி. பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் பி-2 விசா பத்து வருடத்துக்குச் செல்லும் என்று இருப்பதால், விருப்பப்பட்ட நாள்வரை தங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. விசா என்பது வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை, இறங்கும் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். அரசின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம். வந்து சேர்ந்த வாரமே அச்செடுத்து வீட்டில் ஒன்றும் பையில் ஒன்றும் வைத்துவிடுங்கள். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் பத்து வருட விசாவே செல்லாததாகிவிடும். உள்நாட்டு விமானத்தில் ஏறவும் பாஸ்போர்ட் வேண்டும். ஆகவே வெளியூர்ப் பயணம் எதுவானாலும் அசல் கையில் இருக்கட்டும்.

அடுத்து இன்சூரன்ஸ். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, வந்துபோகும் பெற்றோருக்குக் கிடையாது. ஒரு இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்தாலே பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். பாலிசி எடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கட்டிய பாலிசியா, மொத்தத் தொகைக்குள் எவ்வளவு ஆனாலும் தரும் பாலிசியா? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு திடீரென்று முற்றினால் கொடுப்பார்களா? பிரீமியம் குறைவான பாலிசிகள் பலவும் முதல் வகை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அதன் போதாமை தெரியும். மாத்திரைகளை மொத்தக் காலத்துக்கும் ஊரிலேயே வாங்கி, டாக்டர் சீட்டோடு கைப்பையில் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் போட்டு, பெட்டி வராமல் போனால் தவிப்பு.

கோடையில் கிழக்குக் கடற்கரை நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். உடம்பு அதற்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும். அந்த வாரம் எங்கேயும் கிளம்ப வேண்டாம். எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். வாஷிங்டனில் செர்ரி மரங்கள் பூப்பது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரங்களுக்குள். 1912-இல் டோக்கியோ நகரம் பரிசாக அனுப்பிய மூவாயிரம் கன்றுகளில் தொடங்கிய வரிசை அது. ஜூலை, ஆகஸ்டில் வாஷிங்டன் சென்னையைப் போலவே புழுங்கும், கூட்டமும் நெரியும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் முதியவர்களுக்கு ஏற்றவை. அக்டோபரில் வடக்கே மலைகளெல்லாம் இலை நிறம் மாறி நிற்கும்.

இனி நயாகரா. அமெரிக்கா போய்வந்தவர்களிடம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். நியூஜெர்சியின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 400 மைல். நிற்காமல் ஓட்டினாலே ஏழு மணி நேரம். ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பும் இடம் இல்லை. இரண்டு இரவு தங்கலாம், குறைந்தது ஒரு இரவாவது தங்க வேண்டும்.

கிளம்பும்போதே ஒரு எச்சரிக்கை. ஆற்றின் இந்தக் கரை நியூயார்க் மாநிலம், அந்தக் கரை கனடா. இரண்டு கரையிலும் ஊரின் பெயர் ஒன்றே. போனில் வழி போடும்போது நயாகரா ஃபால்ஸ் ஸ்டேட் பார்க், நியூயார்க் என்று முழுதாகப் போடுங்கள். வழிதவறி ரெயின்போ பாலத்தில் ஏறிவிட்டால் முன்னால் இருப்பது கனடா எல்லைச் சாவடி. இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா மட்டும் இருந்தால் அங்கே நுழைய முடியாது. கனடா விசா தனியாக வாங்க வேண்டும்.

நயாகரா ஒன்றல்ல, மூன்று அருவிகள். அமெரிக்கப் பக்கத்தில் நேராக விழுவது அமெரிக்க அருவி. அதை ஒட்டி மெல்லிய திரையாக விழுவது பிரைடல் வெயில். லாட வடிவில் வளைந்து, பெரும்பங்கு தண்ணீரைக் கொட்டுவது ஹார்ஸ்ஷூ. உயரம் 170, 180 அடி அளவில்தான். ஜோக் அருவி இதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் உயரம். நயாகராவின் பெருமை உயரத்தில் இல்லை, தண்ணீரின் அளவில் இருக்கிறது. அந்தத் தண்ணீரிலும் ஒரு பகுதியை இரண்டு நாடுகளும் மேலேயே திருப்பி மின்சாரம் எடுக்கின்றன. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விட்டால் போதும். ஆகவே தண்ணீரின் முழு வேகத்தைப் பார்க்கக் கோடைப் பகலில் போக வேண்டும். வண்ண விளக்கில் பார்க்க இருட்டிய பிறகு இன்னொரு முறை வரலாம். ஒரு இரவாவது தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மெய்ட் ஆஃப் தி மிஸ்ட் படகுச் சேவை 1846-இல் தொடங்கியது. இப்போது ஓடுபவை மின்கலத்தில் ஓடும் படகுகள். ஏறக்குறைய நவம்பர் முதல் வாரம் வரைதான் சேவை. பிறகு வசந்தத்தில்தான் தொடங்கும். லிஃப்டில் கீழே இறங்கினால் ஆளுக்கொரு நீல நிற மழைக்கோட்டு தருவார்கள். புடவையோடு வரும் அம்மாக்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிவிட்டு அதை மாட்டிக்கொள்வது நல்லது. நனைந்த புடவையோடு ஈரத் தளத்தில் நடப்பது ஆபத்து. மேல்தளத்தில் காட்சி அதிகம், நனைவதும் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் கம்பியை ஒட்டி நிற்கலாம். ஹார்ஸ்ஷூவின் வளைவுக்குள் படகு நுழைந்து, இன்ஜின் தண்ணீரை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அப்போது மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர்தான். கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெறும் கண்ணால் மங்கலாகப் பார்ப்பதே மேல். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

படகில் ஏற அஞ்சுபவர்களை வற்புறுத்த வேண்டாம். கோட் ஐலண்டில் காரை நிறுத்திச் சிறிது நடந்தால் டெராபின் முனை. ஹார்ஸ்ஷூ அருவி மடங்கி விழும் விளிம்பைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். என்னைக் கேட்டால் நயாகராவின் சிறந்த இடம் அதுதான். அதற்குப் பணமும் இல்லை. கேவ் ஆஃப் தி விண்ட்ஸ் மரப்பாலங்கள் அருவியின் காலடிவரை கொண்டுபோகும். ஆனால் அங்கே படிகள் நிறைய, எல்லாம் ஈரம். மூட்டுவலிக்காரர்கள் தவிர்த்துவிடலாம்.

பிலடெல்பியாவைப் பலரும் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. நியூஜெர்சியின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய அறுபது மைல், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். 1776-இல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபமும், விரிசல் விட்ட சுதந்திர மணியும் அங்கே இருக்கின்றன. தமிழர் போக வேண்டியதற்கு அதைவிடப் பெரிய காரணம் அந்த ஊர்க் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, பதினாறாம் நூற்றாண்டுக் கல்மண்டபம் ஒன்று அங்கே தூண்களோடு எழுந்து நிற்கிறது. கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களை 1912-இல் மதுரைக்கு வந்த அடலைன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியா பெண் விலைக்கு வாங்கிக் கப்பலில் அனுப்பினார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் செவிலியாகப் பணிசெய்த அவர் 1919-இல் இறந்துபோக, குடும்பத்தார் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் பெரியவர்களுக்கு அந்த அறைக்குள் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. இவர் அனுமார், இவர் கருடன் என்று அவர்களே பேரனுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுவரை எல்லாவற்றையும் பிள்ளைகள் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தவர்கள், அங்கே தாங்கள் சொல்பவர்களாகிறார்கள். நம் கல் இங்கே ஏன் இருக்கிறது என்ற வருத்தமும் எழும். அந்தக் கேள்வியையும் குழந்தைகள் எதிரிலேயே பேசுவது நல்லதுதான். வாசலில் 72 படிகள் உண்டு. பின்பக்க நுழைவாயிலில் அந்தத் தொல்லை இல்லை.

வாஷிங்டனின் நிம்மதி, செலவில்லாதது. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து, 'இவ்வளவா, நான் காரிலேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க' என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஏற்ற ஊர். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அமெரிக்காவைக் கண்ணால்கூடப் பார்க்காத ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுதிவைத்த சொத்தில், 1846-இல் தொடங்கிய நிறுவனம். விமான அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானம் இருக்கிறது. இங்கே நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கோல்கொண்டா மண்ணிலிருந்து போன ஹோப் வைரம். ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், செம்பியன் மாதேவியின் உருவமாகக் கருதப்படும் சோழர் காலச் செப்புத் திருமேனி. ஒரு நாளைக்கு ஒரு அருங்காட்சியகம், மிஞ்சினால் இரண்டு. நாடாளுமன்றத்திலிருந்து லிங்கன் நினைவகம் பக்கத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். நடந்தால் இரண்டு மைல். நடக்க முடிந்தவர்களுமே வீல்சேர் கேட்டு வாங்கலாம். அருங்காட்சியகங்களில் இலவசமாகத் தருகிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் தலைவரை ஏறுவது வயதானவர்களுக்கு வேண்டாம். பீடத்துக்கு மேல் 162 குறுகிய படிகள், லிஃப்ட் கிடையாது. ஸ்டேட்டன் ஐலண்ட் படகில் ஏறினால் இருபத்தைந்து நிமிடம், கட்டணம் இல்லை, போகும் வழியில் சிலையைப் பார்க்கலாம். பிறகு ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய், கீழ்த்தள கேன்டீனில் தோசை சாப்பிட்டுத் திரும்புவது நிறைவான ஒரு நாள். 1977-இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது.

சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சைவக்காரர்களுக்கு நெடுஞ்சாலைக் கடைகளில் கிடைப்பது ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். இரண்டு வேளைக்கு மேல் பெரியவர்களுக்கு அது இறங்காது. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, புளியோதரை இரண்டும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். தயிர் சாதத்தை ஐஸ் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். அறை எடுக்கும்போது சமையல்மேடை உள்ள அறையாகக் கேட்டு வாங்கினால், சின்ன எலக்ட்ரிக் குக்கரில் சாதம் வைத்து, கொண்டுபோன ரசப்பொடியில் ரசம் வைத்துவிடலாம். காரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். வழியில் பாத்ரூம் கிடைக்காதோ என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்கள் அதிகம். 'அடுத்தது இன்னும் நாற்பது நிமிஷத்துல வரும்மா' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

வார நாட்களைத்தான் யாரும் திட்டமிடுவதில்லை. ஒரு வாரத்தில் ஐந்து நாள், வண்டி ஓட்டத் தெரியாத பெற்றோர் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறார்கள். பல குடியிருப்புகளில் நடைபாதையும் இல்லை. வீடு பார்க்கும்போதே, பெற்றோர் வரும் நாளில் நடந்தே போகக்கூடிய பூங்காவோ நூலகமோ பக்கத்தில் இருக்குமா என்று பார்த்துக்கொண்டால் பெரும் உதவி. பொது நூலகத்தில் யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம், உறுப்பினர் அட்டை தேவையில்லை. பிள்ளைகளின் அட்டையில் சில நூலகங்கள் அருங்காட்சியகங்களுக்கு இலவச நுழைவுச் சீட்டும் இரவல் தருகின்றன. பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரமும் அங்கே உண்டு. அந்த நேரத்தில்தான் இதேபோல் ஊரிலிருந்து வந்திருக்கும் வேறு தாத்தா பாட்டிகள் அறிமுகமாகிறார்கள். பிறகு நடைப்பயிற்சிக்குத் துணை கிடைத்துவிடும்.

நீண்ட நாள் தங்குவதில் இன்னொரு வசதி, பிடித்த இடத்துக்குத் திரும்பப் போகலாம். மே மாதம் பார்த்த பூங்காவை அக்டோபரில் மறுபடி பார்க்கலாம். புது இடம் காட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். 'அந்த மண்டபத்துக்கே இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறியாப்பா' என்று சொன்னால், பட்டியலில் மிச்சமிருக்கும் ஊரை அடித்துவிட்டு அங்கேயே போய்வாருங்கள்.