அரசாங்கக் காட்டில் மரம் வீழ்த்தலும் கீழ்நிலத்து வயலும்

காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் பெறுமதியைக் கணக்கிடுதல் கடினமான காரியமன்று. அடிமரத்தின் சுற்றளவையும் நீளத்தையும் அளந்தால் கனவடி வந்துவிடும். கனவடிக்கு விலை உண்டு. அம்மரத்தை வீழ்த்துவதால் வரும் நட்டத்தைக் கணக்கிடுதலே கடினமானது. அந்நட்டம் மரம் விழுந்த இடத்தில் தங்கி நிற்பதில்லை. ஓடை வழியே இறங்கிச் சில மைல் கீழேயுள்ள வாய்க்காலில் மணலாகப் படிந்தோ, மழை பெய்த அன்றே வரம்பை உடைக்கும் வெள்ளமாகப் பாய்ந்தோ, சிறுபோகத்திலே கடைசி வயலுக்கு நீர் எட்டாமற் போவதாகவோ அது வெளிப்படுகின்றது. மரத்தை விற்றவரின் ஏட்டில் அந்நட்டம் எழுதப்படுவதில்லை. வயலுக்குரியவரே அதனைச் சுமக்கின்றார். காடு அரசாங்கத்துக்குரியதாக இருக்கும்போது இரு பக்கத்துக் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டிய கடமை அரசாங்கத்தையே சாரும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று இன்று வழங்கப்படுவது இவ்விரு பக்கக் கணக்கே.

சிங்கராஜ வனம்

இக்கணக்கு எழுதப்படாத காலத்தில் நிகழ்ந்தவற்றுக்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. சபரகமுவ, தென் மாகாணங்களின் எல்லையில், இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்து கிடப்பது சிங்கராஜ வனம். ஆண்டுக்கு 120 அங்குலம் முதல் 200 அங்குலம் வரை மழை பெறும் மலைச்சரிவு அது. வடக்கே விழும் மழை களுகங்கையின் கிளையாறுகளுக்கும், தெற்கே விழும் மழை ஜின்கங்கைக்கும் போய்ச் சேருகின்றது. ஹொர, துன், நா முதலிய பெருமரங்கள் அங்கு வளர்கின்றன. அவ்வனத்து மரவினங்களுட் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வன அல்ல.

இவ்வனத்தில் மரம் எடுக்குமாறு 1968ஆம் ஆண்டில் அரசாங்கம் பணித்தது. கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டியிருந்தது. தேயிலைப் பெட்டிக்கும் கட்டட வேலைக்கும் ஒட்டுப்பலகையை வெளிநாட்டிலிருந்து இறக்குவதிலும் உள்நாட்டிலே செய்வது நன்று என்னும் எண்ணம் அக்காலத்துக்குப் பொருத்தமற்றதன்று. ஆலையால் வேலைவாய்ப்பும் உண்டாகும். அந்நியச் செலாவணியும் மிஞ்சும். 1970களின் முற்பகுதி தொடக்கம் 1977 வரை, சிங்கராஜத்திலும் அதனையடுத்த மொரப்பிட்டிய, ருணகந்த காடுகளிலுமாக ஏறக்குறைய 1,400 ஹெக்டயரில் பெருமரங்கள் தெரிந்து வீழ்த்தப்பட்டன. பொதுமக்களும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினரும் விஞ்ஞானிகளும் எழுப்பிய கண்டனத்தின் பயனாக 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் 8,864 ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய 21,900 ஏக்கர், உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேயிலை இப்பொழுது பெரும்பாலும் கடதாசிச் சாக்குகளிலேயே கப்பலேறுகின்றது. எதற்கென்று காடு வெட்டப்பட்டதோ அத்தேவையே பெரிதும் அற்றுப்போக, வெட்டிய சரிவுகள் மட்டும் இன்னும் பழைய நிலையை அடையவில்லை.

மரம் எடுக்குமுன் சுற்றாடல் மதிப்பீடு செய்யவேண்டுமென்று கட்டளையிடும் சட்டம் அந்நாளில் இந்நாட்டில் இருக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகிய பேராசிரியர்கள் மரங்களைப் பற்றியும், 1981 தொடக்கம் பேராசிரியர் சரத் கொட்டகம முதலானோர் பறவைக் கூட்டங்களைப் பற்றியும் ஆண்டாண்டாகச் செய்த ஆராய்ச்சியாலேயே அவ்வனத்தின் இயல்பு பற்றிப் பல உண்மைகள் வெளியாயின. அறிவு வந்தது நன்றே. வெட்டிய பின்னர் வந்தது.

மரம் வெட்டினால் நீர் வற்றுமா?

கமக்காரரிடையே பரவலாக நிலவும் எண்ணம் ஒன்றுண்டு: காட்டை வெட்டினால் ஆறு வற்றும் என்பது அது. முழுவதும் பொய்யென்று அதனைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மதிப்பீட்டுக் கூட்டமொன்றில் இதை மாத்திரம் சொல்லி வாதாடும் கமக்காரர் எளிதில் மடக்கப்படுவார். ஆதலால் உண்மையை அறிந்து வைத்தல் நல்லது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வகன் வீல் கப் என்னுமிடத்தில் 1910 முதல் 1926 வரை ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அடுத்தடுத்துள்ள இரு ஓடைகளின் நீரை, இரண்டிலும் காடு நிற்கும்போதே, பல ஆண்டுகள் அளந்தார்கள். பின்பு 1919இல் ஒன்றின் நீரேந்து நிலத்துக் காட்டை வீழ்த்தி, மற்றதை அப்படியே விட்டு, மீண்டும் இரண்டையும் அளந்தார்கள். வெட்டிய ஓடையில் ஆண்டு முழுவதற்குமான நீர் குறையவில்லை, சிறிது கூடிற்று. இதனையொத்த 94 ஆராய்ச்சிகளை 1982இல் ஒருங்கே ஆராய்ந்தபோதும் பொதுவாக இதே முடிவு கிடைத்தது. காரணம் எளிது. மரமும் நீர் குடிக்கின்றது. குடித்ததை இலை வழியே ஆவியாக விடுகின்றது. மரம் போனால் அச்செலவு குறையும்.

அப்படியாயின் கமக்காரரின் கண் கண்டது பொய்யா? அன்று. ஆண்டு முழுவதற்குமான நீர் வேறு, வயலுக்கு வேண்டிய நாளில் வரும் நீர் வேறு. ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 22,600 கலன் நீராகும். காட்டு மண் சருகும் வேரும் மண்புழுத் துளைகளும் நிறைந்து கடற்பஞ்சு போலிருப்பதால் அந்நீரிற் பெரும்பகுதி உள்ளே இறங்கி, மெல்ல மெல்ல ஊற்றாகக் கசிந்து, மழையற்ற மாதங்களில் ஓடையை வாழவைக்கின்றது. மண் இறுகிவிட்டால் அதே நீர் மேலால் வழிந்து ஒரு நாளில் ஓடிப்போகும். ஆண்டுக் கணக்கில் நீர் கூடியிருக்கும்; ஆவணி மாதத்தில் ஓடை காய்ந்திருக்கும். எனவே மதிப்பீட்டாளரிடம் “எவ்வளவு நீர்?” என்று மாத்திரம் கேட்டல் போதாது. “எந்த மாதத்தில், எவ்வளவு?” என்று கேட்கவேண்டும்.

கோடரியும் பாதையும்

மண்ணை இறுகச் செய்வது யாது? கோடரியன்று, வாளுமன்று. வெட்டிய மரத்தை இழுத்துச் செல்லும் உழவியந்திரமும் அதற்கென வெட்டப்படும் பாதையுமே. மரம் வீழ்த்தும் காடுகளில் ஓடைக்கு வந்து சேரும் மண்ணின் பெரும்பகுதி பாதைகளிலிருந்தும் இழுவைத் தடங்களிலிருந்தும் வருவதென்பது பல நாடுகளில் அறியப்பட்ட உண்மை. ஆயினும் அனுமதி கேட்கும் விண்ணப்பங்களில் எத்தனை மரம், எவ்வளவு சுற்றளவு என்பன விரிவாகவும், பாதை எவ்வழி செல்லும் என்பது ஒரு வரியிலும் எழுதப்படுதல் வழக்கமாகிவிடும். படிப்பவர் அந்த ஒரு வரியையே முதலிற் படிக்கவேண்டும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மேல்மண் 130 தொன்னுக்குக் குறையாது. மழை மிகுந்த மலைச்சரிவில், மேலிருந்து கீழாக நேரே வெட்டப்பட்ட தடம் முதல் மழைக்கே வாய்க்காலாகிவிடும். அதில் ஓடும் நீரைத் தடுத்துப் பக்கத்துக் காட்டுக்குள் திருப்பக் குறுக்கு மேடுகளும் வடிகால்களும் இடப்படாவிடின், மரம் எடுத்தவர் போன பின்னரும் அது அரித்துக்கொண்டேயிருக்கும். பாதை சமவுயரக் கோட்டையொட்டிச் செல்லுதல், ஓடையின் இரு மருங்கிலும் வெட்டாத காட்டுப் பட்டியை விடுதல், மண் ஈரமாயிருக்கும் பருவத்தில் மரம் இழுக்காதிருத்தல், வேலை முடிந்ததும் தடங்களை அடைத்துவிடுதல் ஆகிய இவை பெருஞ்செலவான காரியங்களல்ல. மரத்தைப் பின்னியிருக்கும் கொடிகளைச் சில மாதங்களுக்கு முன்பே அறுத்துவிட்டால், விழும் மரம் அயல் மரங்களையும் இழுத்துக்கொண்டு விழாது. இவ்வளவையும் செய்தால் தீங்கு குறையும், இல்லாமற் போகாது.

நாளைய மரம்

ஹொர, துன் போன்ற மரங்களின் விதை, நெல்விதை போலச் சேமித்து வைத்து முளைக்கப் போடக்கூடியதன்று. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ முளைக்காவிடின் அது கெட்டுவிடும். தாய்மரத்தை விட்டு நெடுந்தூரம் செல்வதுமில்லை. ஆண்டுதோறும் நிறையக் காய்ப்பதுமில்லை. ஆகவே வருங்காலக் காடு மண்ணுக்குள் விதையாக இருக்கவில்லை. பெருமரத்தின் நிழலிலே முழங்காலளவுக் கன்றாகப் பல ஆண்டுகள் காத்து நிற்கின்றது. மரமொன்று சாய்ந்து அளவான ஒளி விழும்போது அக்கன்று எழுந்து வளரும். காடு தன்னைத் தானே புதுப்பிக்கும் முறை இதுவே. உழவியந்திரம் நசுக்குவது இக்கன்றுகளைத்தான். மேல்மண் போய், கடும் வெயில் விழும் இடத்தில், கெண்ட போன்ற விரைவில் வளரும் மென்மரங்கள் எழும். அதனினும் கெட்டுப்போன நிலத்தையும், தீயும் சேனையும் மாறி மாறி வருத்திய இடத்தையும், கெக்கில்லப் பன்னம் மூடிக்கொள்ளும். பன்னம் மூடிய நிலத்திற் பெருமரம் தானாக எழுதல் மிக அரிது.

எனவே வீழ்த்தக்கூடிய மரங்களை மாத்திரம் எண்ணுகின்ற மதிப்பீடு பாதி வேலையே. ஒவ்வொரு துண்டிலும் விதைக்கென நிற்கும் தாய்மரங்கள் எத்தனை, காத்து நிற்கும் கன்றுகள் எத்தனை என்பனவும் எண்ணப்படல் வேண்டும். சிங்கராஜ எல்லையில் நடப்பட்டிருந்த பைன் தோட்டங்களில், 1990களின் தொடக்கத்தில், சில வரிசைப் பைன் மரங்களை நீக்கி அவ்விடைவெளிகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தபோது, அடர்ந்த பைன் நிழலில் நின்றவற்றிலும் அவை நன்கு வளர்ந்தன. கெட்ட நிலத்தை மீட்க வழியுண்டென்பதற்கு இது சான்று. ஆனால் அதற்குச் செல்லும் காலத்தையும் கூலியையும் ஆரம்ப இலாபத்தில் கழித்துக்கொள்ளுதல் நேர்மையான கணக்காகும்.

கிராமத்தவர் காட்டிலிருந்து பெறுபவையும் அவ்வாறே. கித்துற் பாணி, பிரம்பு, ஏலம், மருந்துக்கான மரமஞ்சட் கொடி ஆகியவற்றுக்கு ஆலை ஏட்டில் இடமில்லை; வீட்டு அடுப்பிலும் சந்தையிலும் அவற்றுக்கு இடமுண்டு.

சட்டம் கூறுவது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட கருத்திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1993 ஆனியில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, 5 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தில் மரம் எடுத்தலும், ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுதலும் இவற்றுள் அடங்கும். 1990 தொடக்கம் இயற்கைக் காடுகளில் வர்த்தகத்துக்காக மரம் வீழ்த்துதல் நிறுத்தப்பட்டு, அரசாங்க மரம் பெரும்பாலும் தேக்கு, யூக்கலிப்டஸ், பைன் முதலிய நடுகைக் காடுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றது. 1991 முதல் 1996 வரை நடந்த தேசிய பாதுகாப்பு மீளாய்வில் 200க்கு மேற்பட்ட இயற்கைக் காடுகளின் உயிரின வளமும், அவை மண்ணையும் நீரையும் காக்கும் தன்மையும் ஆராயப்பட்டன. எக்காட்டைத் தொடலாகாது என்று கூற இப்பொழுது ஆதாரம் உண்டு.

மதிப்பீட்டு அறிக்கை முடிந்ததும் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் அதைப் பார்வையிட்டுக் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். தீங்கு குறைந்த வேறு வழிகள் யாவை, அவை ஏன் விடப்பட்டன என்பதையும் அறிக்கை கூறவேண்டுமென்பது சட்டம். இங்கு ஒரு குறையும் உண்டு. அறிக்கையைத் தயாரிக்கும் செலவைக் கருத்திட்டக்காரரே ஏற்கின்றார். சம்பளம் கொடுப்பவருக்குக் கசப்பான உண்மையை எழுதுதல் எல்லாராலும் இயலாது. ஆகையினாலே கீழ்நிலத்தவரின் கையிலும் ஒரு கணக்கு இருத்தல் அவசியமாகின்றது.

போத்திற் கணக்கு

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரேயளவான வெள்ளைக் கண்ணாடிப் போத்தில்கள் சில போதும். மரம் வீழ்த்தவிருக்கும் இடத்துக்கு மேலே ஓடையில் ஓரிடத்தையும் கீழே ஓரிடத்தையும் குறித்துக்கொள்க. மேலே செல்ல வழியில்லையாயின், வெட்டப்படாத காட்டிலிருந்து வரும் அயலோடை ஒன்றைத் தெரிந்துகொள்க. வகன் வீல் கப்பில் செய்ததும் இதுவே. பெருமழை பெய்தபின் ஒரே வேளையில் இரண்டிடத்திலும் நீர் எடுத்துத் திகதியும் இடமும் எழுதி ஒட்டி, அசையாது இரவு முழுவதும் வைத்தால் மண் அடியிற் படியும். அதன் உயரத்தை அளந்து எழுதுக. மழையற்ற காலத்தில் வாரத்துக்கொரு முறை ஓடையில் நாட்டிய குறித்தடியில் நீர்மட்டத்தைப் பார்த்தெழுதுக. வேலை தொடங்குமுன் எடுத்த கணக்கில்லாவிடின் பின்னர் எடுப்பதற்குப் பெறுமதி குறைவு.

வன்னிக் கமக்காரருக்கும் இது பொருந்தும். அங்கு ஓடைக்குப் பதில் குளம். குளத்துக்கு மேலேயுள்ள காடோ தேக்கந்தோட்டமோ வெட்டப்படும்போது மண் முதலில் அலைகரையிற் படியும். பின் துருசு வரை வரும். நீர் வற்றிய காலத்தில் அலைகரையில் சில தடிகளை நாட்டி, நிலமட்டத்தில் வாளால் கீறிவிட்டால், அடுத்த கோடையில் எவ்வளவு மண் ஏறிற்று என்பதை அவை காட்டும். தடிகளை எவ்விடத்தில் நாட்டியது என்பதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தல் வேண்டும். மரம் எடுத்து முடிந்த பின்னும் இரண்டு மாரிக்காவது இக்கணக்கைத் தொடர்க; இழுவைத் தடங்கள் மிகுதியாக அரிப்பது முதலாம் மாரியில், அடைக்கப்பட்ட தடம் பின்னரும் உடையக்கூடும்.