விசையுந்துப் பயண இருக்கை

விசையுந்துப் பயண இருக்கை என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட இருக்கைக்கு மாற்றாக, நெடுந்தொலைவுப் பயணத்துக்கெனத் தனியே வாங்கிப் பொருத்தப்படும் இருக்கை ஆகும். அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் நடத்தும் சேடில்சோர் 1000 சவாலில் 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் (ஏறத்தாழ 1,609 கி.மீ.) ஓட்டவேண்டும். இத்தகைய ஓட்டங்களில் இருக்கையின் தன்மை முதன்மை பெறுகிறது. 1968-இல் தொடங்கப்பட்ட கலிபோர்னியாவின் கோர்பின் நிறுவனம் இவற்றைத் தயாரிப்பவற்றுள் ஒன்று.

வலியின் காரணம்

அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. தாங்கும் பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். அதனால் அவ்விடத்தில் குருதியோட்டம் குறைந்து, மரத்துப்போதலும் வலியும் தோன்றுகின்றன. வலி ஓட்டுநரின் கவனத்தைச் சிதறச் செய்வதால் இது பாதுகாப்பு தொடர்பான சிக்கலும் ஆகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

* நுரை: மிக மென்மையான நுரை தொடக்கத்தில் இதமளிக்கும்; நெடுநேரத்தில் முற்றிலும் நசுங்கி, எடையைப் பரப்பும் தன்மையை இழக்கும். சற்று உறுதியான நுரையே ஏற்றது.
* வடிவம்: பின்பகுதி அகன்றும் முன்பகுதி குறுகியும் இருத்தல் நன்று. முன்னோக்கிச் சரிந்த இருக்கை ஓட்டுநரை எரிபொருள் கலன் பக்கம் வழுக்கச் செய்யும்.
* உயரம்: உயரமோ முன்பக்க அகலமோ கூடினால் கால் தரையை எட்டாது, நிறுத்தும்போது வண்டி சாயக்கூடும்.
* ஜெல்: வெயிலில் நிறுத்தினால் சூடேறி, அவ்வெப்பத்தை நெடுநேரம் தக்கவைக்கும்.

கடையில் சில நிமிடங்கள் அமர்ந்து பார்ப்பதால் இவ்வேறுபாடுகள் புலப்படா. இயலுமாயின் ஓரிரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். எவ்விருக்கையும் இடையிடையே இறங்கி நடப்பதற்கு ஈடாகாது.